அத்தானின் எடை

அக்காவைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அத்தான் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் கேசரி சாப்பிட்டார்கள். ராதாபுரத்திலிருந்து வந்திருந்த அவருடைய பெரியப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தான் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. உதடு வெடித்து, வெடிப்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அம்மா தயங்கித் தயங்கி, "உபவாசமா இருக்கியளோ?" என்று கேட்டாள்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பாளையங்கோட்டையில் அவளுக்குத் தெரிந்த அத்தனை கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உபவாசம் இருக்கிற இருபத்தெட்டு வயதுப் பையனை அவள் பார்த்ததில்லை. அந்தத் தலையாட்டலிலேயே கல்யாணம் பாதி முடிந்தது.

கை கழுவ வேண்டும் என்றார். பின்கட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். கை கழுவவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அதற்குள் துப்பினார். பாட்டிலில் பாதிக்கு மேல் எச்சில். மேலே நுரை, கீழே மஞ்சளாக ஏதோ தங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"எச்சியிலயும் எடை இருக்கு மாப்ள. நாளைக்கு மதுரைல தராசுல ஏறணும்."

எனக்கு அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். அன்று வந்த குமட்டல் அவர் இருந்த காலம் முழுக்க என்னை விட்டுப் போகவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டை செய்யவில்லை. "பாக்ஸிங் பண்ணுத பையன், அப்படித்தான் இருப்பான். சர்க்கார் உத்தியோகம்லா," என்றாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவருக்கு அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது.

அத்தான் குத்துச்சண்டைக்காரர். ஆனால் அவர் சண்டை போட்டது எதிரே நிற்கிறவனோடு இல்லை, தராசோடு. பாதிச் சண்டை தராசிலேயே முடிந்துவிடும் என்பது அவருடைய கட்சி. தன்னைவிடச் சின்ன ஆளோடு நின்றால் கை எட்டும், அவன் கை எட்டாது. அவ்வளவுதான் இதில் விஷயம் என்பார். விளையாட்டு விடுதியில் சேர்ந்த வயதில் அறுபது கிலோ பிரிவில் ஆடியவர், எங்கள் வீட்டுக்கு வரும்போது ஐம்பத்தேழில் இருந்தார். பிறகு ஐம்பத்து நாலு. கடைசியில் ஐம்பத்தொன்று. எல்லாக் குத்துச்சண்டைக்காரனும் வயது ஏற ஏற மேல் பிரிவுக்குப் போவான். எலும்பு முற்றும், சதை வைக்கும், உடம்பு கேட்காது. அத்தான் மட்டும் படியிறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே வந்தார்.

ஆட்டம் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தூத்துக்குடியில் ஒரு போட்டியில் அவர் ஆடியதை நான் பார்த்தேன். முதல் ரவுண்டில் அவர் கால் தரையில் பட்டதா என்று சந்தேகமாக இருந்தது. எதிரே நின்ற பையன் குத்துகிறான், அந்த இடத்தில் இவர் இல்லை. இடது கையை நீட்டி அவன் நெற்றியில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, பிறகு வலது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிற மாதிரி இருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பயிற்சியாளர், "இந்தப் பயல மாதிரி இடது கை தமிழ்நாட்டுல இல்லவே," என்றார். சொந்தக்காரன் என்று எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்றாம் ரவுண்டில் அவர் காலியாகிவிட்டார். அடி வாங்கி இல்லை. உடம்பில் தண்ணீர் இல்லை. கை தோளுக்கு மேல் எழவில்லை. வாய் திறந்து கிடக்க, வெள்ளையாகப் பசை மாதிரி எதுவோ உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது. அந்தப் பையன் நிதானமாக வந்து அடித்தான். அடிக்கும்போது அவனுக்கே சங்கடமாக இருந்ததை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சொன்னேன், "அத்தான், அறுபதுலயே ஆடியிருந்தா இன்னைக்கு நீங்கதான் ஜெயிச்சிருப்பிய."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு ஆட்டம் தெரியல மாப்ள. இன்னும் ஒரு படி கீழ எறங்கியிருந்தா இந்தப் பய எனக்கு எதுக்க வந்திருக்கவே மாட்டான்."

அவருடைய ஆட்டக்காலம் முழுவதுமே இப்படித்தான். எங்கே போனாலும் இரண்டு ரவுண்டு அவருடையது, மூன்றாவது எதிராளியுடையது. அரையிறுதி வரை போவார், அங்கே விழுவார். வீட்டில் பதக்கங்கள் தொங்கின, எல்லாம் வெண்கலம்.

எடை இறக்குகிற நாட்களில் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. சித்திரை வெயிலில், உர மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் உறையை வெட்டி உடம்பில் சுற்றிக்கொண்டு, அதற்கு மேல் மழைக்கோட்டு, அதற்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றங்கரை ஓரமாக ஓடுவார். ஆற்றில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும். இவர் கரையில் காய்ந்துகொண்டு ஓடுவார். திரும்பி வந்து முற்றத்தில் நின்று மழைக்கோட்டின் கையை உதறினால் வியர்வை சொட்டாது, ஊற்றும். அந்த உறையை அக்காதான் அலச வேண்டும். புளித்த மாவும் பூனை மூத்திரமும் சேர்ந்தது மாதிரி ஒரு வாடை. அக்கா மூக்கைச் சுளிக்காமல் அலசிக் கொடியில் போடுவாள். நான் அந்தக் கொடிப் பக்கம் போகமாட்டேன்.

கல்யாணமான முதல் வருஷம் சபையில் அசனம் நடந்தது. ஊரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிற நாள். புது மாப்பிள்ளை என்று அத்தானைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்குப் பத்து நாளில் போட்டி. எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கறித்துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடி, தாடை அசைய, ரொம்ப நேரம் மென்றார். பிறகு கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய் அதில் துப்பினார். அடுத்த துண்டு. அதையும் மென்று துப்பினார். கைக்குட்டை நிறைந்ததும் இலையின் மூலையில் துப்பத் தொடங்கினார். நார்நாராக, சாயம் போன கறி அங்கே சின்னக் குவியலாக ஏறியது. எதிர்ப்பந்தியில் இருந்த அம்மாள் ஒருத்தி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனாள். அத்தான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. இலையை மடக்கும்போது அவர் முகத்தில் வயிறாரச் சாப்பிட்டவனின் திருப்தி இருந்தது.

அதைவிட மோசம், நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது நடப்பது. அக்கா எனக்கு இலை போடுவாள். அத்தான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"நீ தின்னு மாப்ள. நான் பாக்கேன்."

உண்மையிலேயே பார்ப்பார். என் முகத்தை இல்லை, வாயை. நான் மெல்லும்போது அவர் தொண்டை ஏறி இறங்கும். "அந்த மீன் முள்ளோட இருக்குதத எடு... ஆங், குழம்புல முக்கு. புளிப்பு இருக்கா? நல்லா மெல்லு," என்பார். எச்சில் ஊறிவிடும். பாட்டிலை எடுப்பார். ஒரு முறை நான் பாதிச் சோற்றோடு இலையை மூடினேன். "ஏம்லே வீணாக்குத?" என்று உண்மையான கோபத்தோடு கேட்டார்.

போட்டி முடிந்த அன்று இதற்கு நேர்மாறு. தென்காசி ரோட்டில் ஒரு புரோட்டாக் கடைக்கு என்னைக் கூட்டிப் போவார். எண்ணாமல் தின்பார். சால்னா முழங்கை வரை வழியும். நடுவில் எழுந்து கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே இலையில் மறுபடி உட்காருவார். கடைக்காரர், "அண்ணாச்சி, போதும், உடம்புக்கு ஆகாது," என்று சொல்லிப் பார்த்தார். "நாளையிலிருந்து மறுபடி எறங்கணும்வே, இன்னைக்கு விடும்," என்றார் அத்தான்.

இதையெல்லாம் ஆட்டக்காரனின் பைத்தியம் என்று விட்டுவிட்டிருப்பேன். அவர் உடம்பு, அவர் பாடு. ஆனால் அக்கா கர்ப்பமானாள்.

வீட்டில் ஒரு தராசு உண்டு. அரிசிக்கடையில் இருக்கிற மாதிரி மேடையுள்ள, எண் ஓடுகிற தராசு. அதில் அக்காவை வாரா வாரம் ஏற்றினார். ஏறிய எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "பைய, பைய. இந்த வேகத்துல போனா பிரசவத்தப்ப எங்க போயி நிக்கும்?" என்பார். டாக்டரம்மா சாப்பிடச் சொன்னதை அக்கா சொன்னால், "அவியளுக்கு என்ன தெரியும், அவிய இருக்குத இருப்பப் பாரு," என்பார். அக்கா அவருக்காகத் தன் தட்டில் குறைத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மா கொண்டுபோன நெய்யும் பேரீச்சம்பழமும் பிரிக்காமல் அலமாரியில் இருந்ததை நானே பார்த்தேன்.

பெண் குழந்தை. மாதம் நிறைந்துதான் பிறந்தது. ஆனால் எடை இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தோல் சுருங்கி, விரலெல்லாம் தீக்குச்சி மாதிரி. வெளியே வந்த நர்ஸ் எங்களைப் பார்த்து, "குழந்தை எடை ரொம்பக் கம்மி, பாத்துக்கிடணும்," என்றார்.

அத்தான் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"லைட்டா இருக்கா. என் பிள்ளைல்லா," என்றார்.

நர்ஸ் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நான் அங்கிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவரை அடிக்க வேண்டும் என்று தோன்றியது. குத்துச்சண்டைக்காரரை நான் அடிப்பதாவது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அக்கா அவளைத் தன் பக்கத்திலேயே வைத்து வளர்த்தாள். தராசு இருந்த அறைக்குள் அவளை விடமாட்டாள்.

அத்தானின் கடைசி ஆட்டம் கங்கைகொண்டானில் நடந்தது. தொழிற்பேட்டைப் பக்கம் கொட்டகை போட்டு யாரோ நடத்திய காட்சி ஆட்டம். அவருக்கு வயது முப்பத்தாறு. யாரும் ஐம்பத்தொன்றில்தான் ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. அவராகக் கேட்டு வாங்கினார். அதற்கு முன்பே பல வருஷமாகச் சிறுநீர் போவதற்கு மாத்திரை, அடிபட்ட வலிக்கு மாத்திரை என்று வாய் நிறையப் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முந்திய மூன்று நாள் தண்ணீரை நாக்கில் தடவிக்கொண்டதோடு சரி. காலையில் தராசில் ஏறினார். எடை சரி. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். இறங்கும்போது அப்படியே முன்பக்கமாக விழுந்தார். எதிராளி இன்னும் ஊரிலிருந்து வந்தே சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் கால்சட்டை நனைந்திருந்தது. காப்பித்தூள் கரைசல் மாதிரி ஒரு நிறம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார்.

பிறகு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விடுகிற மெஷின். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போய்விட்டதால் பெரும்பாலும் நான்தான் அழைத்துப் போவேன். மெஷினில் போடுமுன் எடை பார்ப்பார்கள், எடுத்த பிறகும் பார்ப்பார்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் உடம்பில் தண்ணீர் ஏறக் கூடாது. மற்ற நோயாளிகள் தாகம் தாங்காமல் குடித்துவிட்டு, முகம் வீங்கி வந்து திட்டு வாங்குவார்கள். அத்தானுக்கு ஒரு நாளும் கூடியதில்லை.

"எல்லாரும் இவியளப் பாத்துக் கத்துக்கிடணும்," என்று அங்கிருந்த டெக்னீஷியன் பெண் சொன்னாள்.

அத்தான் படுக்கையிலிருந்து சுற்றிலும் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். "எனக்கு இது புதுசில்ல. சில பேருக்கு நாக்கு அடங்காது," என்றார் அத்தான், அவருக்குக் கேட்கும்படி. சாகக் கிடக்கிறவனையும் ஜெயிக்க வேண்டும் அவருக்கு.

இப்படியே நாலு வருஷம் போனது. அதற்கு மேல் இரண்டு வருஷம் இருந்து போய்ச் சேர்ந்தார். நான் சொல்ல வந்தது அந்த நாலாம் வருஷத்தில் நடந்தது.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பழையபடி ஆகலாம் என்று மதுரை டாக்டர் சொன்னார். அத்தானின் அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் சர்க்கரை. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அக்கா, "நான் தாரேன்," என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். சோதனை எல்லாம் பார்த்தார்கள். ரத்தம் பொருந்தியது. ஆனால் டாக்டர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க உடம்புல ரத்தமே இல்லம்மா. எடையும் போதாது. நீங்க எப்படிக் கொடுப்பீங்க? நல்லாச் சாப்பிட்டுத் தேறிட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க."

பத்து வருஷமாக அவள் தட்டில் குறைந்த சோறு அங்கே டாக்டர் மேஜையில் கிடந்தது.

அன்றைக்கே அத்தான் மாறினார். அந்த மாற்றத்தைப் போல அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. நடக்கவே தெம்பில்லாத மனிதர் காலையில் எழுந்து அக்காவுக்கு முட்டை அவித்தார். பேரீச்சம்பழத்தை ஊறவைத்தார். ஈரல் வாங்கி வரச் சொல்லி எனக்குப் போன் பண்ணினார். அவள் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பரிமாறினார். "இன்னும் ரெண்டு வச்சுக்கோ. மெல்லு. நல்லா மெல்லு." பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் தராசில் ஏறச் சொன்னார். எண் கூடியிருந்தால் அவர் முகம் பூரித்தது.

"பாத்தியா மாப்ள, ஒங்க அக்கா தேறிட்டா," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். சந்தைக்குக் கொண்டுபோக ஆட்டுக்குத் தழை போடுகிறவன் முகம்.

அக்கா அவர் கொடுத்ததைச் சாப்பிட்டாள்.

ஒரு நாள் நானும் அவர்களோடு காலைச் சாப்பாட்டுக்கு இருந்தேன். மகளுக்கு அப்போது பத்து வயது. அக்கா தட்டில் இருந்த இரண்டு முட்டையைப் பார்த்துக்கொண்டே இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மைக்கு மட்டும் எதுக்குப்பா முட்டை?"

"அம்மைக்கு ரத்தம் ஊறணும்ல."

"எனக்கு?"

"உனக்கு எதுக்கு? நீ சரியா இருக்க."

அந்தப் பிள்ளையின் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கும். அக்கா ஒரு முட்டையை எடுத்து மகள் தட்டில் வைத்தாள். அத்தான் குனிந்தார். கோபமாகக் கூட இல்லை, ரொம்பப் பொறுமையாக, மகள் தட்டிலிருந்து அந்த முட்டையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சட்னியை விரலால் வழித்துவிட்டு, அக்கா தட்டில் திரும்ப வைத்தார்.

"டாக்டர் சொன்னத நெனச்சுக்கோ," என்றார்.

அக்கா அந்த முட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

ஆறு மாதம் கழித்து மதுரைக்குப் போனோம். அக்காவின் முகத்தில் சதை பிடித்திருந்தது. கன்னத்தில் நிறம் வந்திருந்தது. கல்யாணத்துக்கு முந்திய அக்காவைப் பல வருஷம் கழித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கொடுப்பவரைத் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்து, மனமறிந்துதான் கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். அக்கா உள்ளே போனாள். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். அத்தான் முதுகை நேராக வைத்து, பெயர் கூப்பிடக் காத்திருக்கிற ஆட்டக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவள் வெளியே வர அதிக நேரம் ஆகவில்லை. அத்தானுக்கு எதிரே வந்து நின்றாள்.

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "ரிப்போர்ட்ல ஏதும் கோளாறா?"

"ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. உடம்பு சரியில்லன்னு நாங்களே சொல்லிருதோம், வெளிய தெரியாதுன்னு உள்ள இருந்த டாக்டரம்மா சொன்னாவ. நான்தான் வேண்டாம்னுட்டேன். நானே சொல்லிக்கிடுதேன்னு வந்தேன்."

"எதுக்கு?"

"தர மனசில்ல."

அத்தான் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "உனக்கு எட்டு கிலோ ஏறியிருக்கு," என்றார்.

"ஆமா."

"அது வீணா?"

"எதுக்கு வீணாவணும்? எனக்கு இருக்கட்டும்."

வழியில் போன ஒரு நர்ஸ் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். கோவில்பட்டியில் பஸ் நின்றபோது அக்கா இறங்கிப் போய் மகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிவந்தாள். பாக்கெட்டைப் பிரித்துத் தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்ததுதான். சபையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். எங்கள் அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். மூன்று மாதம் ஒரு வார்த்தை இல்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், காலியாகக் கிடந்த பெஞ்சில் மகளோடு உட்கார்ந்து வந்தாள். வீட்டை விட்டும் அவள் போகவில்லை. அவர் தலையணையை மாற்றினாள், கையில் ஊசி குத்திய இடத்தைத் துடைத்தாள், உப்பில்லாமல் தனியாகச் சமைத்தாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் சபைப் பெரியவர் ஒருவர் வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாட்டசாட்டமான ஆள், நாற்காலி நிறைய உட்கார்ந்தார். அக்கா அடுப்படியில் இருந்தாள். அவளுக்குக் கேட்கும்படி, அத்தானைப் பார்த்துப் பேசினார்.

"புருஷனும் பொஞ்சாதியும் ஒரே மாம்சம்னு வேதம் சொல்லுது. கர்த்தர் நமக்காகத் தம்முடைய சரீரத்தையே கொடுத்தாரு. நாம ஒரு சின்ன உறுப்பக் கொடுக்க யோசிக்கோம். நான் அந்தப் பிள்ளையைக் குத்தம் சொல்ல வரல. ஜெபத்தோட யோசிக்கட்டும்னு சொல்லுதேன்."

அத்தான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவரைக் கவனமாகப் பார்த்தார்.

"ஐயா எத்தன கிலோ இருப்பிய?"

பெரியவர் கொஞ்சம் திகைத்தார். "நானா? எண்பத்தாறு, எண்பத்தேழு இருப்பேன்."

"சர்க்கரை உண்டா?"

"கர்த்தர் புண்ணியத்துல இந்த வயசுவரைக்கும் ஒண்ணும் கிடையாது. தெனமும் காலைல மைதானத்துல நடக்கேன்லா."

"ரத்தம் என்ன குரூப்பு?"

"ஓ பாசிட்டிவ்."

"அது எனக்குச் சேரும்," என்றார் அத்தான்.

பெரியவர் கையில் இருந்த காப்பி தம்ளர் அப்படியே நின்றது. பிறகு அவர் தம்ளரைக் கீழே வைத்தார். ஒரு கூட்டம் இருப்பதாகவும், மறந்தே போய்விட்டதாகவும், இன்னொரு நாள் வந்து ஜெபம் பண்ணுவதாகவும் சொன்னார். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதரை எனக்குப் பிடித்தது. அக்காவுக்காக அவர் ஒரு குத்து விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"நல்லாக் குடுத்திய அத்தான் அந்த ஆளுக்கு," என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்கள் வாசலையே பார்த்தன.

"என்ன குடுத்தேன்? எதுக்குப் போறாரு?" என்றார். "நல்ல உடம்பு மாப்ள. இந்த வயசுலயும் ஒரு நோய் இல்ல. பைக்க எடுத்துட்டுப் போயி கூப்பிடு. பாலம் தாண்டியிருக்க மாட்டாரு."

நான் நின்றேன். சாவி என் கையில்தான் இருந்தது. அவர் கையை நீட்டி, போ போ என்று விரலை அசைத்தார்.

அடுப்படியில் தோசைக்கல்லில் மாவு விழுகிற சத்தம் கேட்டது. மகள் அங்கே ஏதோ கேட்க, அக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் குரல் வெளியே வந்தது.

"அவிய கேலி பண்ணலலே. அவியளுக்குக் கேலி பண்ணத் தெரியாது," என்றாள். "நீ எங்கயும் போக வேண்டாம். கையக் கழுவிட்டு உள்ள வந்து உக்காரு. உனக்கும் சேத்துத்தான் ஊத்துதேன்."